பிள்ளை பேர்ல 'ரிசர்ச் பேப்பர்' போட்டுத் தர்றோம்னு போன் வந்தா பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கெல்லாம் இப்ப ஒரு போன் வருதுங்க. ஃபாரின் யுனிவர்சிட்டி பிஎச்டி மென்டர், சில மாசத்துல உங்க பொண்ணு பேர்ல இன்டர்நேஷனல் ஜர்னல்ல பேப்பர், வெளிநாட்டு அட்மிஷனுக்கு இதைத்தான் முதல்ல பார்க்கிறாங்கன்னு அடிச்சு விடுவாங்க. நாங்க ஒரு லட்சத்துக்கு மேல கட்டினோம். புகார் போயிட்டு இருக்கிறதால கம்பெனி பேர் இங்க போடல.

பாப்பா ஆசைப்பட்டது ரொம்ப சாதாரண விஷயம். கோயம்புத்தூர் சிங்காநல்லூர் குளத்துல ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிற பக்கமும் திறந்து கிடக்கிற பக்கமும் தண்ணி எப்படி மாறுதுன்னு பார்க்கணும், அவ்ளோதான். மென்டர் முதல் மீட்டிங்லயே அதுக்கெல்லாம் டைம் பத்தாது, ஏஐ பண்ணலாம்னு மார்பகப் புற்றுநோய் டேட்டா ஒண்ணை அனுப்பிட்டார். அது என்ன டேட்டான்னு தேடிப் பார்த்தா, அமெரிக்கால விஸ்கான்சின் யுனிவர்சிட்டில சேர்த்தது, 1995-ல இருந்து எல்லாருக்கும் இலவசமா கிடைக்குது, 569 கேஸ், ஒவ்வொண்ணுக்கும் 30 அளவு. மெஷின் லேர்னிங், அதாவது டேட்டாவைக் கொடுத்து கம்ப்யூட்டரைப் பழக்குறது, அதைப் படிக்க ஆரம்பிக்கிறவங்க கை பழக எடுக்கிறதே இதைத்தான், அதுக்கான சைக்கிட்-லேர்ன்ங்கிற இலவச சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணாலே கூடவே வந்துடும். இதுக்குப் பேர் புது ஆராய்ச்சியாம்!

அதே பேட்ச்ல இன்னொரு பையனுக்கும் இதே டேட்டா, முன்னுரை கூட வரிக்கு வரி ஒண்ணு, கணிக்கிற முறை மட்டும் இவளுக்கு ரேண்டம் ஃபாரஸ்ட், அவனுக்கு எஸ்விஎம், அதான் வித்தியாசம். பேப்பரை அவங்களே எழுதி அனுப்பினாங்க. அக்யூரசி 97 சதவீதம்னு பெருசா போட்டிருந்துச்சு. எங்க அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார், சரி பாப்பா, தப்பாப் போன மீதி 3 சதவீதத்துல எத்தனை பேருக்கு நிஜமா புற்றுநோய் இருந்தும் இல்லைன்னு சொல்லிருக்குன்னு. முழிச்சா. அந்த வேலையில கேட்க வேண்டிய கேள்வியே அதுதான், அதைக் கூட அவளுக்கு யாரும் சொல்லித் தரல.

அப்புறம் ஜர்னலுக்குன்னு தனியா ஒரு ஃபீஸ். கட்டின சில நாள்லயே அக்செப்ட் ஆயிடுச்சு, ரிவ்யூன்னு வந்தது ஒரே வரி, 'நல்ல முயற்சி'. ஐஎஸ்எஸ்என் இருக்கு, டிஓஐ இருக்கு, இம்பாக்ட் ஃபேக்டர் இருக்குன்னு காட்டினாங்க. ஐஎஸ்எஸ்என்ங்கிறது ஜர்னலுக்குக் கொடுக்கிற வெறும் அடையாள நம்பர், தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கட்டுரைக்குக் கொடுக்கிற டிஓஐ நம்பரும் அப்படித்தான், ஐரோப்பிய ஆராய்ச்சி மையம் செர்ன் நடத்துற ஸெனோடோங்கிற சைட்ல நீங்க எதைப் போட்டாலும் காசில்லாம ஒண்ணு கிடைக்கும். இம்பாக்ட் ஃபேக்டர்ங்கிறது ஒரு ஜர்னல் கட்டுரைகளை மத்தவங்க எவ்ளோ மேற்கோள் காட்டுறாங்கங்கிற கணக்கு, அதைப் போடறது கிளாரிவேட்ங்கிற கம்பெனி மட்டும்தான், இவங்க காட்டினது வேற ஏதோ சைட் கொடுத்த சர்டிஃபிகேட். ஜர்னல்களைப் பட்டியல் போடுற ஸ்கோபஸ்ல தேடினேன், இலவசமாப் படிக்கிற ஜர்னல்களோட பட்டியலான டிஓஏஜேல தேடினேன், ரெண்டுலயும் அந்த ஜர்னல் இல்ல. தேட அஞ்சு நிமிஷம் கூட ஆகாது.

ரீஃபண்ட் கேட்டா மென்டர் அலாட் ஆயிட்டா கிடையாதுன்னு அக்ரிமென்ட்ல இருக்காம். இதை விட மோசம் அந்த 'வட்டியில்லா இஎம்ஐ'. அது கம்பெனிக்குக் கட்டுற தவணை இல்லீங்க, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி நம்ம பேர்ல கொடுக்கிற லோன். கிளாஸை நிறுத்தினாலும் லோன் நிக்காது, கட்டலைன்னா சிபில் ஸ்கோர் நமக்குத்தான் அடி.

காசு வாங்காத வழி இருக்குங்க, அதைத்தான் யாரும் போன் போட்டுச் சொல்ல மாட்டாங்க. குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-ல இருந்து நடக்குது, 10 முதல் 17 வயசுப் பிள்ளைங்க டீச்சர் வழிகாட்டுதல்ல உள்ளூர்ப் பிரச்சனையை எடுத்து ப்ராஜெக்ட் பண்ணணும், நம்ம ஊர்ல தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரங்களைக் கேட்டா விவரம் சொல்வாங்க. பாப்பா சொன்ன குளம் ப்ராஜெக்ட் அதுக்குன்னே செஞ்ச மாதிரி. ஒன்பதாவது படிக்கிற பிள்ளைன்னா இஸ்ரோவோட யுவிகா பயிற்சி முகாம், செலவு அவங்களுது. அமெரிக்கால எம்ஐடி யுனிவர்சிட்டில ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நடக்கிற ஆர்எஸ்ஐங்கிற கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சி 1984-ல ஆரம்பிச்சது, செலக்ட் ஆகறதுதான் கஷ்டம், ட்யூஷன் ஃபீஸ் கிடையாது. காசு கொடுத்துப் பேப்பர் போடுற இந்த வியாபாரத்தைப் பத்தி ப்ரோபப்ளிகாங்கிற அமெரிக்கச் செய்தி நிறுவனம் 2023-லயே விரிவா எழுதிட்டாங்க, அட்மிஷன் ஆபீசுக்கு இது தெரியாதுன்னு நினைக்காதீங்க.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் பதிஞ்சாச்சு. ஏற்கெனவே மாட்டினவங்க இருந்தா வாட்ஸ்அப் சாட், சேல்ஸ் ஆள் பேசின ரெக்கார்டிங், லோன் பேப்பர் எதையும் அழிச்சிடாதீங்க, எங்ககிட்ட முதல்ல கேட்டதே அதுங்கதான்.