கூண்டு ஏற்றாத ஊரின் வெள்ள எச்சரிக்கை

என் மளிகைக் கடை இருக்கும் கடைவீட்டு வரிசை, முன்னால் ஓடும் சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. கடைக்கு முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதைக்கும் கடைத்தரைக்கும் இடையே ஒரே ஒரு படிதான். அரிசி மூட்டையும் உளுந்து மூட்டையும் தரையை ஒட்டித்தான் அடுக்க முடியும் என்பதால், வானம் இருட்டினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சரக்குதான். கடந்த இரண்டு வடகிழக்குப் பருவமழைக் காலங்களாக, சிங்கப்பூரின் நீர், வடிகால் பணிகளைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் டெலிகிராம் செயலி வழியாக இலவசமாக அனுப்பும் திடீர் வெள்ள எச்சரிக்கைகளைப் பார்த்தே கடையை நடத்தி வருகிறேன். தாழ்வான இடத்தில் கடையோ வீடோ வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சேவை எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

செய்தி மிகச் சுருக்கமாக இருக்கும். கனமழையால் திடீர் வெள்ளம் ஏற்படக்கூடும், அடுத்த 1 மணி நேரத்துக்கு இந்த இடங்களைத் தவிர்க்கவும் என்று ஒரு வரி. அதன் கீழே சாலைப் பெயர்கள். செய்தி வெளியான நேரம். வெள்ளம் உண்மையிலேயே ஏற்பட்டுவிட்டால் அதற்கு ஒரு செய்தியும், வடிந்த பிறகு இன்னொரு செய்தியும் வரும். அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லாததால், கல்லாவில் நிற்பவர் ஒரு கையால் சில்லறை கொடுத்துக்கொண்டே படித்துவிடலாம்.

சென்ற டிசம்பரில் ஒரு பிற்பகல், எங்கள் தெருமுனைச் சாலையின் பெயர் அந்தப் பட்டியலில் வந்தது. அப்போது வெளியே பெருந்துளிகள் மட்டுமே விழுந்துகொண்டிருந்தன. நானும் கடைப்பையனும் பன்னிரண்டு மூட்டைகளை மரப்பலகை அடுக்கின்மேல் ஏற்றினோம், குளிர்பெட்டியின் மின்செருகியைக் கழற்றி மேலே மாட்டினோம், வாசலின் இருபுறக் காடியிலும் அலுமினியத் தடுப்புப் பலகையை இறக்கினோம். இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, சாலை முழுக்கத் தண்ணீர் பழுப்பு நிறத்தில் பரவி, ஐந்தடி நடைபாதையில் ஏறி, படியின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்றது. "அண்ணே, இன்னும் ஏறல" என்று அவன் ஒவ்வொரு நிமிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது. இந்தச் சேவையில் சேர்வதற்கு முந்தைய ஆண்டு, இதே அளவு மழைக்கு ஏழு மூட்டைகளை இழந்தேன். நனைந்த கோதுமை மாவு பசையாகித் தரையோடு ஒட்டிக்கொண்டதும், அந்தப் புளித்த வாடை ஒரு வாரம் கடையை விட்டுப் போகாததும் இன்னும் மறக்கவில்லை. எனக்கு இச்சேவையின் மதிப்பு அந்த இருபது நிமிடம்தான்.

நாகப்பட்டினத்தில் இருக்கும் என் அத்தைக்கு இது குறைவாகத் தோன்றுகிறது. இங்கே கனமழை என்று கேள்விப்பட்டால் போதும், "அங்க எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்க, தம்பி?" என்று தொலைபேசியில் கேட்பார். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுவதைப் பார்த்தே வளர்ந்தவர். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தபோது, அதற்குச் சில நாள்களுக்கு முன்பிருந்தே அதன் பெயரும் பாதையும் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தன. சிங்கப்பூரின் நிலைமை வேறு. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் பூமிச் சுழற்சியின் விசை மிகவும் குறைவு என்பதால், காற்று சுழன்று புயலாக உருவெடுப்பது அரிது. 2001 டிசம்பர் இறுதியில் தென்சீனக் கடலில் உருவாகி, சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஜோகூரில் கரையேறிய வாமெய் சூறாவளி, வானிலை ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் விதிவிலக்கு. நம்மை வருத்துவது பெரும்பாலும் பெயரில்லாத இடிமழை; அரைமணி, ஒருமணி நேரத்துக்குள் ஓரிரு வட்டாரத்தின்மேல் திரண்டு, அங்கேயே கொட்டித் தீர்த்துவிடும். வடகிழக்குப் பருவமழையின் ஈரமான கட்டத்தில், டிசம்பரிலும் ஜனவரியிலும், தென்சீனக் கடலிலிருந்து குளிர்காற்று வலுத்து வீசும் நாள்களை வானிலை ஆய்வகம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாள்களில் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் மழை பெய்தது. அந்த மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4 மில்லிமீட்டர்தான். ஆனால் எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் ஏறும் என்பதை நாள்கணக்கில் முன்பே சொல்ல எவராலும் இயலாது.

ஆகவே இங்கே ஆயத்தத்தின் பெரும்பகுதி, மேகம் திரள்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மண்ணுக்கடியில் செய்து முடிக்கப்பட வேண்டியதாகிறது. இந்தச் சேவையை மதிப்பிடுகிறவர் அந்தப் பணியையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. 1978 டிசம்பரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை கொட்டி 7 பேர் உயிரிழந்ததை எங்கள் வரிசையின் மூத்த கடைக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். 1970களில் சுமார் 3,200 ஹெக்டராக இருந்த வெள்ள அபாயப் பகுதிகள் இன்று 30 ஹெக்டருக்கும் குறைவு. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலைக் கடைத்தொகுதிகளின் கீழ்த்தளங்களில் தண்ணீர் புகுந்த பிறகு, அப்பகுதியின் நீரை வடிக்கும் ஸ்டாம்ஃபர்ட் கால்வாயின் சுமையைக் குறைப்பதற்காகத் தாவரவியல் பூங்கா அருகே பூமிக்கடியில் ஒரு தேக்கத் தொட்டி கட்டப்பட்டது. 38,000 கனமீட்டர், அதாவது 15 ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் கொள்ளும் நீரை அது பிடித்துவைத்து, மழை ஓய்ந்த பின் விடுகிறது. அதனோடு திட்டமிடப்பட்ட மாற்றுக் கால்வாய், மேட்டுப் பகுதியின் நீரை நேரே சிங்கப்பூர் ஆற்றுக்குக் கொண்டுபோகிறது. கடல் ஏற்றமும் கனமழையும் ஒன்றாக வரும் வேளையில் மரினா அணைக்கட்டின் கதவுகள் மூடியே இருக்க, 7 பெரிய இறைப்பான்கள் நீரைக் கடலுக்குள் தள்ளுகின்றன. 0.2 ஹெக்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் புதிதாகக் கட்டுவோர், மழைநீரின் வேகத்தைத் தம் இடத்திலேயே மட்டுப்படுத்த வேண்டும் என்ற விதி 2014 முதல் நடப்பில் இருக்கிறது. வடிகால்களில் 200க்கும் மேற்பட்ட இடங்களில் பொருத்தியுள்ள நீர்மட்ட உணர்கருவிகளும் கேமராக்களும் மழை ரேடாரும்தான் என் கைபேசிக்கு வரும் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருக்கின்றன.

எந்தக் கனமழையையும் தாங்கும் அளவுக்கு வடிகால்களை அகலப்படுத்த இந்தச் சிறிய தீவில் இடமில்லை என்று கழகமே வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. கடைசிப் படி நம்முடையது என்பதை அது நினைவூட்டுகிறது.

சேவையின் வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். தீவு முழுவதற்குமான செய்திகள் ஒரே ஓடையில் வருவதால், புக்கிட் தீமாவுக்கும் தெம்பனிசுக்கும் வரும் எச்சரிக்கைகளைத் தாண்டித்தான் நம் தெருவைத் தேட வேண்டியிருக்கிறது; ஒலியை அணைத்துவைத்தால் தேவையான நாளில் தவறவிடுவோம். நான் பெறும் செய்திகள் ஆங்கிலத்தில் இருப்பதால், எங்கள் வரிசையில் பூக்கட்டும் அம்மாவுக்கு நான்தான் குரல்பதிவாகத் தமிழில் அனுப்புகிறேன். நான்கு வரி தமிழிலும் வந்தால் அவரைப் போன்றவர்கள் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. எச்சரிக்கை வந்து வெள்ளம் வராத நாள்களும் உண்டு. அதை நான் குறையாக எண்ணவில்லை. மூட்டையை இறக்கிவைப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

எந்த உணர்கருவியும் காட்டாத ஒன்று, கடைக்குப் பின்னால் இருக்கும் ஒன்றரை அடி வடிகால். முன்பு ஒருமுறை, பக்கத்துக் கடை ஒன்று அங்கே போட்டுவைத்த அட்டைப்பெட்டிகள் ஊறி அடைத்துக்கொண்டதால், சாலையில் வெள்ளமே இல்லாத நாளில் என் சமையலறைக்குள் தண்ணீர் வந்தது. எச்சரிக்கைச் செய்தி சாலையைப் பற்றியது. நம் பின்வாசலைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

தாழ்வான தரைத்தளத்தில் இருப்பவர்களும், விநியோக வாகனம் ஓட்டுபவர்களும், நிலத்தடியில் வண்டி நிறுத்துபவர்களும் தயங்காமல் இச்சேவையில் சேரலாம். உயரமான வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் இருந்துகொண்டு ரயிலில் மட்டும் போய்வருபவர்களுக்கு தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் வரும் கனமழை எச்சரிக்கையே போதுமானது. இந்த அக்டோபரில் தடுப்புப் பலகையின் அடியில் தேய்ந்துபோன ரப்பர் பட்டையை மாற்றிவிட்டேன். பின்பக்க வடிகாலை மாதத்தின் முதல் ஞாயிறு காலை, கடை திறப்பதற்கு முன், பக்கத்துக் கடைக்காரரும் நானும் சேர்ந்து அள்ளுவதென்று பேசி முடித்திருக்கிறோம்.