டெனான் எக்ஸ்1700எச்: இரண்டரை வருடம் ஓட்டிய பிறகு

2023-இல், ஒரு வருடம் ஓடிய டெனான் ஏவிஆர்-எக்ஸ்1700எச் ஹோம் தியேட்டர் ரிசீவரை 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். முதலில் கண் வைத்திருந்தது அதற்குக் கீழே உள்ள எஸ்760எச் மீதுதான். இரண்டிலும் ஆடிசி உண்டு: மைக் வைத்து அறையின் ஒலியை அளந்து, அதற்கேற்ப ஸ்பீக்கர் சத்தத்தைத் திருத்தும் வசதி. எஸ்760எச்-இல் இருப்பது அதன் சாதாரண ரகமான மல்ட்இக்யூ, ஆறு இடங்களில் அளக்கும். எக்ஸ்1700எச்-இல் மல்ட்இக்யூ எக்ஸ்டி, எட்டு இடங்கள். ஸ்பீக்கர்களைத் திருத்துவதிலும் நுணுக்கம் கூடுதல். வாட்ஸ் கணக்கை நான் பெரிதாகப் பார்க்கவில்லை. என் அறைக்கு 80 வாட்ஸே தாராளம்.

பிரச்சினையே அந்த அறைதான். 12 அடி நீளம், செங்கல் சுவர், டைல்ஸ் தரை. இந்த நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் பேஸ் (அடித்தொனி) சுவருக்குச் சுவர் மோதி வீங்கும். சோபாவும் பின்சுவரை ஒட்டிக் கிடந்ததால் 'கும்'மென்று காதை அடைக்கும். வசனம் பாதி புரியாது.

முதல் அளவீடு சொதப்பல், முழுக்க என் தப்பு. மைக்கை சோபா முதுகின் மேலேயே வைத்துவிட்டேன், ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த முறை எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்க, ஐந்தாவது இடத்தில் குக்கர் விசில்! வெளிச்சத்தம் அதிகம் என்று நின்றுவிட்டது. மூன்றாம் முறை மைக்கை கேமரா ஸ்டாண்டில் காது உயரத்துக்கு ஏற்றி, சோபாவையும் இரண்டடி முன்னால் இழுத்தேன். மூலையில் இருந்த சப்வூஃபருக்கு (பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) ரிசீவர் போட்ட அளவு மைனஸ் 12 டெசிபல் என்று வந்தது. அதற்குக் கீழே ரிசீவரால் குறைக்க முடியாது, அதனால் அந்த எண்ணை நம்ப முடியாது. சப்வூஃபரின் வால்யூமைக் குறைத்து மறுபடி அளந்தேன். வீக்கம் வடிந்துவிட்டது.

அப்புறமும் குரல்கள் கொஞ்சம் மங்கலாகவே இருந்தன. ஆடிசி 2 கிலோஹெர்ட்ஸ் அருகே வேண்டுமென்றே சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து ஒரு பள்ளம் வைக்கிறது. அதை எடுக்க மல்ட்இக்யூ எடிட்டர் ஆப் வேண்டும், அதற்குத் தனிக்காசு. வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் வாங்கினேன். பள்ளத்தை எடுத்து, திருத்தத்தை 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் என்று நிறுத்திய பிறகுதான் வசனம் தெளிந்தது. ரிசீவர் 'லார்ஜ்' (முழு பேஸும் அதற்கே போகும்) என்று போட்ட முன் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன்; அதற்குக் கீழே உள்ள பேஸ் சப்வூஃபருக்குப் போய்விடும்.

ஒரு குறை: இரண்டு சப்வூஃபர் இணைத்தாலும் தனித்தனியாகத் திருத்தாது. அதற்கு ஆடிசியின் இன்னும் மேலான ரகமான எக்ஸ்டி32 உள்ள மாடலுக்குப் போக வேண்டும்.

சோபா இடம் மாறினால் மறுபடி அளப்பேன், அரைமணி வேலை. அதற்கு முன் அடுப்பில் குக்கர் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்வேன்.