ஷியான் கோட்டை சுவர் மேல வாடகை சைக்கிள்: முதல் நாளே ஏறிடுங்க

சீனாவுல ஷியான் போறவங்க எல்லாரும் முதல் நாளே, அந்த நாட்டு முதல் பேரரசர் கல்லறைக்கு காவலா புதைச்ச களிமண் சிப்பாய்ங்கள பாக்க ஓடிடறாங்க. நான் சொல்றது, அத ரெண்டாவது நாளுக்கு தள்ளி வெச்சுட்டு முதல் நாள் காலைல ஊருக்கு நடுவுல இருக்கற கோட்டை சுவர் மேல ஏறி, அங்கயே வாடகைக்கு தர்ற சைக்கிள் ஒண்ணு எடுத்து முழுசா ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுங்க. நானும் அக்காவும் ஏப்ரல்ல அஞ்சு நாள் அங்க இருந்தோம், அந்த முதல் நாள் சுத்துனதுனாலதான் மத்த நாலு நாளும் பாத்தது எல்லாம் எங்களுக்கு புரிஞ்சுச்சு.

முதல்ல சைக்கிள் விஷயம். தெற்கு வாசலுக்கு யோங்னிங் வாசல்னு பேரு, மெட்ரோ 2வது லைன்ல அதே பேருல ஸ்டேஷன் இருக்கு, இறங்குனா எதிர்லயே சுவர். மேல ஏற நாங்க போனப்ப டிக்கெட் 54 யுவான், சைக்கிளுக்கு தனி காசு, அதுக்கு மேல அட்வான்ஸ் வாங்கி வெச்சுக்கிட்டு வண்டிய விட்டதும் திருப்பி தந்துடறாங்க. கோட்டை சுவர்னதும் ஆள் நடக்கற அளவு ஒரு மதில்னு நெனச்சுட்டு போனேன், மேல ஏறுனா அது ஒரு ரோடுங்க. 12 மீட்டர் உயரத்துல, 12லேர்ந்து 14 மீட்டர் அகலத்துல, சாம்பல் கலர் செங்கல் பாவி, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் நேரா போகுது. முழு சுத்து 13.74 கிலோமீட்டர்.

அக்கா சைக்கிள் ஓட்டி இருபது வருஷம் ஆச்சுன்னு ரெண்டு பேர் சேந்து மிதிக்கற வண்டி எடுத்தோம். அத மட்டும் எடுக்காதீங்க. செங்கல் பல எடத்துல ஏறி இறங்கி இருக்கு, தடதடன்னு ஆடும், பின்னாடி உக்காந்தவங்களுக்கு முதுகு போயிடும், அக்கா வடக்கு வாசல் வர்றதுக்குள்ள நாலு தடவ "டேய் நிறுத்துடா, மூச்சு வாங்கிக்கறேன்"னு சொல்லிட்டா. தனி வண்டி எடுத்தா வேணுங்கற எடத்துல வேணுங்கற நேரம் நிக்கலாம், இந்த சுவத்துல நிக்க வேண்டிய எடம் நிறைய இருக்கு. முட்டி வலி இருக்கற பெரியவங்களுக்கு பேட்டரி வண்டி ஓடுது, அதுல அவங்கள ஏத்தி விட்டுட்டு நீங்க சைக்கிள்ல வரலாம்.

இப்ப இந்த சுவர் என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா அங்க நிறைய பேர் இதத்தான் பழைய சாங்கான் நகரத்து சுவர்னு நெனச்சு போட்டோ எடுத்துக்கிட்டு போறாங்க. ஷியானோட பழைய பேரு சாங்கான், ஹான் வம்சத்துக்கும் டாங் வம்சத்துக்கும் தலைநகரம். ஆனா நாம சைக்கிள் ஓட்டற சுவர் மிங் வம்சத்துது, 1370கள்ல கட்டுனது. முதல்ல வெறும் மண்ண இடிச்சு இடிச்சு கெட்டியாக்குன சுவர்தான், செங்கல் போத்துனது ரெண்டு நூறு வருஷம் கழிச்சு. டாங் காலத்து சாங்கான் 84 சதுர கிலோமீட்டர், கிழக்கு மேற்கா 9.7, தெற்கு வடக்கா 8.6 கிலோமீட்டர். இந்த மிங் சுவருக்குள்ள இருக்கறது அதுல ஏழுல ஒரு பங்குதான் வரும். இந்த கணக்க மனசுல வெச்சுக்கிட்டு மிதிச்சு பாருங்க. காலு வலிக்க வலிக்க ஒரு சுத்து முடிச்சு இறங்கறப்ப, இது மாதிரி ஏழு ஊர் சேந்தது ஒரே ஊரா இருந்துச்சேன்னு தோணுச்சு பாருங்க, அது எந்த மியூசியத்துலயும் எனக்கு கெடைக்கல.

அந்த பெரிய ஊருக்கு என்ன ஆச்சு? 904ல ஜூ வென்னு ஒரு ராணுவ தளபதி, டாங் பேரரசர மிரட்டி கிழக்குல இருக்கற லுவோயாங் ஊருக்கு இழுத்துட்டு போனான். போறப்ப சாங்கான்ல இருந்த அரண்மனை, ஆபீஸ், சனங்க வீடு எல்லாத்தையும் பிரிச்சு, மரத்த எல்லாம் வெய் ஆத்துல மெதக்க விட்டு கொண்டு போயிட்டான். மரத்துல கட்டுன ஊரு, பிரிச்சா மிச்சம் மண்ணுதான். அதுக்கப்புறம் அங்க தங்குன அதிகாரி ஒருத்தர், இவ்ளோ பெரிய எடத்த காவல் காக்க முடியாதுன்னு நடுவுல இருந்த அரசாங்க ஆபீஸ் பகுதிய மட்டும் சுவர் போட்டு வெச்சுக்கிட்டாரு, அந்த சின்ன ஊர விரிச்சு எடுத்துதான் மிங் காலத்துல இந்த சுவர் எழுந்துச்சு. மேற்கு பக்கமும் தெற்கு பக்கமும் மிதிக்கறப்ப நம்ம காலுக்கு கீழ இருக்கறது டாங் காலத்து கோடுதான்.

நாங்க தெற்குல ஆரம்பிச்சு மேற்கு, வடக்கு, கிழக்குன்னு வந்தோம், நீங்களும் இப்படியே போங்க, கடைசில கல்வெட்டுக் காடுங்கற மியூசியம் பக்கத்துல வந்து இறங்கலாம். மேற்கு பக்கம் போறப்ப வெளிப்பக்கம் பாத்தா அடுக்குமாடி வீடுங்கதான் தெரியும், ஆனா அந்த திசைலதான் மேற்கு சந்தை இருந்துச்சு. பாரசீகம், மத்திய ஆசியாவோட சோக்டியானால இருந்து ஒட்டகத்துல வந்த வியாபாரிங்க கூடுன எடம். மத்தியானம் 300 தடவ முரசு அடிச்சா சந்தை திறக்கும், பொழுது சாயறதுக்கு கொஞ்சம் முன்னாடி 300 தடவ சேகண்டி மாதிரி வெண்கலம் தட்டுனா எல்லாரும் கடைய மூடிட்டு கெளம்பிடணும். ஊரே 108 பேட்டையா பாத்தி கட்டுன மாதிரி பிரிச்சிருந்தாங்க, ஒவ்வொண்ணுக்கும் சுவரு, கதவு, ராத்திரி ஆனா கதவ சாத்திடுவாங்க, தெருவுல ஆள் நடமாடக் கூடாது. யூவென் காய்னு ஒருத்தர் டாங்குக்கு முந்துன சுய் வம்சத்துல 582ல போட்ட பிளான் அது. ஜப்பான்காரங்க நாராவையும் கியோட்டோவையும் கட்டுனப்ப இந்த பிளானத்தான் பாத்து கட்டுனாங்க.

வழி நெடுக சுவர்லேர்ந்து வெளிய நீட்டிக்கிட்டு மேடை மேடையா வரும், மொத்தம் 98. 120 மீட்டருக்கு ஒண்ணு. சுவத்துல ஏற வர்றவன ரெண்டு பக்க மேடைல இருந்தும் வில்லுல அடிக்கலாம், ஒரு அம்பு 60 மீட்டர் போனா போதும், எந்த மூலையும் தப்பாது. இத படிச்சுட்டு போனா ஒவ்வொரு மேடையும் வேற மாதிரி தெரியும், அக்கா எண்ண ஆரம்பிச்சு நாப்பதோட விட்டுட்டா.

வடக்கு பக்கம் ரயில்வே ஸ்டேஷன். அதுக்கு பின்னாடிதான் டாமிங் அரண்மனை இருந்த எடம், இப்ப பார்க். பெய்ஜிங் அரண்மனைய விட நாலு மடங்குக்கு மேல பெருசு, ஆனா மிச்சம் இருக்கறது மண் மேடைங்கதான். கீழ அகழி ஓரத்து பூங்காவுல காலைல வயசானவங்க கூடி சின்சியாங் பாடறாங்க, அது அந்த ஊரு கூத்துப்பாட்டு, தொண்டை கிழிய உச்சஸ்தாயில எடுப்பாங்க, 12 மீட்டர் மேல வரைக்கும் கேக்குது. நாங்க சைக்கிள ஓரமா நிறுத்திட்டு கால் மணி நேரம் கேட்டோம், மொழி ஒண்ணும் புரியல, ஆனா நம்ம ஊர்ல திருவிழா ராத்திரி கூத்து கேட்டவங்களுக்கு அந்த குரல் அன்னியமா இருக்காது.

இறங்குனதும் நேரா கல்வெட்டுக் காடுக்கு போங்க, பெய்லின்னு சொல்லணும், தெற்கு சுவர ஒட்டியே இருக்கு. 1087லேர்ந்து கல்வெட்டுகள சேத்து வெச்சிருக்காங்க. உள்ள 837ல செதுக்கி முடிச்ச 114 கல்லு நிக்குது, பன்னெண்டு கன்பூசிய நூல முழுசா, 6,50,252 எழுத்து. காகிதத்துல கையால நகல் எடுக்கறப்ப பிழை வந்துடுதுன்னு, எது சரியான பாடம்னு யாரும் வந்து ஒத்து பாத்துக்கலாம்னு கல்லுல வெட்டி வெச்சாங்க. நம்ம ஓலைச்சுவடிக்கெல்லாம் இப்படி ஒரு காரியம் யாராவது செஞ்சிருந்தா எத்தன நூல் பொழச்சிருக்கும்னு மனசு கனத்துப் போச்சு. இன்னொரு கல்லு 781ல நட்டது, மேற்காசியால இருந்து வந்த கிறிஸ்தவங்க சாங்கான்ல எப்படி வந்து தங்குனாங்கன்னு சீனத்துலயும் சிரியாக்னு ஒரு மேற்காசிய மொழிலயும் எழுதி வெச்சிருக்கு, அத தேடி கண்டுபிடிச்சு பாருங்க.

அப்புறம் பெரிய காட்டு வாத்து கோபுரம். சுவருக்கு வெளிய தெற்குல நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கு, டாங் காலத்துல அதுவும் ஊருக்குள்ளதான், இது ஒண்ணே போதும் அந்த ஊர் அளவு தெரிய. நாம எல்லாரும் ஸ்கூல்ல யுவான் சுவாங்னு படிச்சோமே, நாளந்தால படிச்சாரு, பல்லவர் காலத்துல காஞ்சிபுரத்துக்கு வந்தாருன்னு பரீட்சைக்கு எழுதுனோமே, அவரு 645ல 657 சுவடிகளோட திரும்பி வந்தது இந்த ஊருக்குத்தான். அந்த சுவடிகள பத்திரமா வைக்கத்தான் 652ல இந்த கோபுரத்த எழுப்புனாங்க. சாகற வரைக்கும் மொழிபெயர்ப்பு வேலைதான், 75 நூல், 1335 சுருள். பாடப்புத்தகத்துல ரெண்டு வரியா இருந்த மனுஷன் வீடு திரும்புன எடத்துல நின்னப்ப எனக்கு உண்மையாவே உடம்பு சிலுத்துச்சு. காஞ்சிபுரத்த பத்தி அவரு குறிப்பு எழுதி வெச்சிருக்காருன்னு அங்க கூட வந்த ஒரு சீன மாணவிகிட்ட போன்ல மொழிபெயர்த்து காட்டுனேன், அவங்க உடனே காஞ்சிபுரம் எங்க இருக்குன்னு மேப்ல தேடுனாங்க.

சாப்பாடு. முரசு கோபுரத்துக்கு பின்னாடி முஸ்லிம் தெரு, அங்க பாவ்மோ சாப்பிடணும். கெட்டியான ரொட்டிய குடுத்துடுவாங்க, நாமளே உக்காந்து பயறு அளவுக்கு பிச்சு போடணும், அப்புறம் அத வாங்கிட்டு போய் ஆட்டுக்கறி குழம்புல கொதிக்க விட்டு கொண்டு வருவாங்க, கூட இனிப்பு பூண்டு ஊறுகாயும் மிளகா விழுதும். பெருசு பெருசா பிச்சீங்கன்னா உள்ள குழம்பு ஏறாது, நான் அவசரப்பட்டு பிச்சேன், பக்கத்து மேசைல இருந்த பெரியவரு எழுந்து வந்து அவரு கிண்ணத்த காட்டி "இப்படி"ன்னு சைகைல சொல்லிக் குடுத்தாரு. சைவம்னா லியாங்பி கேளுங்க, ஆற வெச்ச பட்டை நூடுல்ஸ்ல வினிகரும் மிளகா எண்ணையும் ஊத்தி தருவாங்க, முன்னாடியே கறி வேண்டாம்னு சொல்லிடுங்க. அதே தெருவுக்கு பக்கத்து சந்துல பெரிய மசூதி, கூரை எல்லாம் சீன கோயில் மாதிரி, உள்ள எழுத்து அரபி, தோட்டம் மாதிரி அமைதியா இருக்கு, கூட்டத்துல அலுத்துப் போனா அங்க போய் உக்காருங்க.

களிமண் சிப்பாய்ங்க பாக்க ஒரு அரை நாள் டூர் புக் பண்ணோம், அந்த கம்பெனி பேர இங்க போடல, பாதி நேரம் பொம்மை செய்யற பட்டறைலயும் விக்கற கடைலயும் நிறுத்தி ஓட்டிட்டாங்க, முதல் குழிய பாக்க நாப்பது நிமிஷம்தான் கெடச்சுது. 1974ல கெணறு வெட்டுன விவசாயிங்க கண்டுபிடிச்ச எடம், ஒரு நாள் முழுக்க நிக்கலாம். நீங்களா போங்க, இல்லன்னா கடை எதுலயும் நிறுத்த மாட்டோம்னு எழுத்துல வாங்கிட்டு காசு குடுங்க.

சைக்கிளுக்கு திரும்ப வர்றேன். மழை தூறுனா வண்டி தர மாட்டாங்க, செங்கல் வழுக்கும், அதனால முதல் நாள் வெச்சுக்கிட்டா மழை வந்தாலும் அடுத்த நாள் கைல இருக்கும். காலைல எட்டு மணிக்கே போயிடுங்க, மேல மரம் கெடையாது, பத்து மணிக்கு மேல வெயில் நேரா எறங்குது. பாஸ்போர்ட் ஒரிஜினல் வேணும், காசு அலிபேங்கற போன் ஆப்ல கட்டலாம், நம்ம கார்ட ஊர்லயே சேத்து வெச்சுட்டு போங்க. எந்த வாசல்ல வேணா சைக்கிள விடலாமான்னு எடுக்கறப்பவே கேட்டுக்கோங்க, அக்கா மாதிரி பாதில களைச்சா அது உதவும். கடைசி நாள் சாயங்காலம் அவ தனி வண்டி எடுத்து தெற்கு வாசல்லேர்ந்து கிழக்கு மூலை வரைக்கும் போயிட்டு வந்தா, அன்னிக்கு ஒரு எடத்துலயும் மூச்சு வாங்க நிறுத்தலையாம்.