2.98 ஜிபிஏவும் சைக்காலஜி டாக்டர் பட்டமும்: ஆய்வக வேலையா, மாஸ்டர்ஸா, சை.டி.யா?

அக்கா மகள் நியூஜெர்சியில் கல்லூரி முடித்தபோது அவளுடைய ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 2.98. வீட்டு ஆசைக்காக முதல் இரண்டு வருடம் ப்ரீ-மெட் (மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் பாடங்கள்) படித்தாள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி அவளைப் புரட்டி எடுத்துவிட்டது. மூன்றாம் வருடம்தான் சைக்காலஜிக்கு மாறினாள். முதல் 60 கிரெடிட்டில் சராசரி 2.3, அடுத்த 60-ல் 3.66. கூட்டி வகுத்தால் 2.98.

"சித்தி, கிளினிக்கல் பிஎச்டிக்கு எனக்கு வழியே இல்லையா?" என்று ஒரு நாள் ராத்திரி போன் செய்தாள். மனநல சிகிச்சை சார்ந்த உளவியல் டாக்டர் பட்டம் அது. நான் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மானியக் கணக்குகளைப் பார்க்கிறவள். பேராசிரியர்கள் ஆள் எடுக்கும் விதம் ஓரளவு தெரியும். அந்தப் பேச்சும் அதற்குப் பிறகு நாங்கள் போட்ட கணக்குகளும்தான் இந்தக் கட்டுரை.

நம் ஊரில் மதிப்பெண் ஒரு சுவர். முதுகலை முடித்தவர்கள் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுத வேண்டுமென்றால் 55 சதவீதம் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) வாங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் அப்படி நாடு தழுவிய கோடு எதுவும் கிடையாது. பல பல்கலைக்கழகங்கள் 3.0 கேட்கும், உண்மைதான். ஆனால் துறை விரும்பினால் விலக்குக் கேட்டு வாங்கலாம். அப்படி விரும்ப வேண்டியவர் ஒரே ஒரு பேராசிரியர். கிளினிக்கல் பிஎச்டியில் மாணவரைத் துறை பொதுவாக எடுப்பதைவிட, பேராசிரியர் தன் ஆய்வகத்துக்கென்று எடுப்பதே வழக்கம். ஒருவர் வருடத்துக்கு ஒரு ஆளை எடுப்பார், சில வருடம் அதுவும் இருக்காது. சில நூறு பேர் விண்ணப்பிப்பார்கள், உள்ளே போவது பத்துக்கும் குறைவு. எடுக்கப்பட்டால் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. இவ்வளவு நெரிசலுக்குக் காரணம் அதுதான்.

முதல் வழி, பட்டம் முடித்த கையோடு ஓர் ஆய்வகத்தில் சம்பள வேலை. ரிசர்ச் அசிஸ்டன்ட், கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர், லேப் மேனேஜர் என்று பெயர் மாறும். ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது, நேர்காணல் எடுப்பது, தரவைச் சுத்தம் செய்வது, நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். பாஸ்டன் பகுதியில் உள்ள மாசசூசெட்ஸ் ஜெனரல், மெக்லீன் போன்ற மருத்துவமனைகளில் இப்படி இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு பிஎச்டிக்குப் போகிறவர்கள் ஏராளம். சம்பளம் சொற்பம், பாஸ்டன் வாடகை அதில் பாதியைத் தின்னும்.

இந்த வழியில் ஜிபிஏ ஒரு புள்ளி கூட ஏறாது. ஆனால் விண்ணப்பத்தில் கேட்கும் மூன்று பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று, தினமும் உங்களோடு வேலை பார்த்தவரிடமிருந்து வரும். 'இவள் சேகரித்த தரவை நான் மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்ததில்லை' என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருந்தால், படிக்கிற பேராசிரியர் இரண்டாம் வருடக் கெமிஸ்ட்ரியைத் தேடிப் போக மாட்டார். மாநாட்டில் ஒரு போஸ்டர், கட்டுரையில் ஐந்தாவது ஆறாவது இடத்தில் பெயர் என்பதெல்லாம் கூடுதல் வரவு.

ஒரு எச்சரிக்கை. 2025-ல் அமெரிக்க மத்திய அரசின் ஆய்வு மானியங்கள் பல நிறுத்தப்பட்டன, அதோடு இந்த வேலைகளும் குறைந்தன. எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சாதாரண சைக்காலஜி பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லாததால் ஓபிடி, அதாவது படிப்புக்குப் பிறகு வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம்தான், இரண்டு வருட வேலைக்கு அது போதாது. பட்டத்தின் சிஐபி குறியீடு (படிப்பின் வகையைக் காட்டும் எண்) ஆராய்ச்சி சார்ந்த சைக்காலஜி வகையில் வந்தால் நீட்டிப்புக் கிடைக்கும். குறியீட்டைக் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வழி மாஸ்டர்ஸ். புதிய பட்டம், புதிய ஜிபிஏ. நாலு வருடமும் மதிப்பெண் தட்டுத்தடுமாறியே வந்திருந்தால் இதைத் தவிர வேறு மருந்து இல்லை என்பேன். ஆய்வக வேலை 'இவருக்கு ஆய்வு செய்ய வரும்' என்று காட்டும், 'இவருக்குப் புள்ளியியல் வரும்' என்று காட்டாது. பிஎச்டியின் முதல் வருடப் புள்ளியியல் வகுப்பில் இவர் தாங்குவாரா என்பதுதான் தேர்வுக் குழுவின் கவலை. மாஸ்டர்ஸில் அதே மாதிரி வகுப்பில் ஏ வாங்கிக் காட்டினால் அந்தக் கேள்வி அடங்கிவிடும்.

ஆனால் மாஸ்டர்ஸ் எல்லாம் ஒன்றல்ல. வேக் ஃபாரஸ்ட், வில்லியம் அண்ட் மேரி, வில்லனோவா போன்ற இடங்களில் பிஎச்டிக்குத் தயார் செய்வதையே முக்கிய வேலையாக வைத்திருக்கும், ஆய்வேடு எழுத வைக்கும் சின்ன மாஸ்டர்ஸ் படிப்புகள் உண்டு. வேக் ஃபாரஸ்ட் கட்டணத்தையும் தள்ளுபடி செய்கிறது. வில்லனோவாவில் சிலருக்கு உதவித்தொகை கிடைக்கும். இன்னொரு பக்கம், பெருநகரங்களில் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் நூறு இருநூறு பேரைச் சேர்த்துக்கொண்டு முழுக் கட்டணமும் வசூலிக்கும் மாஸ்டர்ஸ் இருக்கிறது. அங்கே ஆய்வேட்டுக்கு வழிகாட்ட ஒரு பேராசிரியரைப் பிடிப்பதற்கே அலைய வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆய்வேடு கட்டாயமா, போன வருடம் முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.

மூன்றாவது, சை.டி. எனப்படும் டாக்டர் ஆஃப் சைக்காலஜி. 1949-ல் போல்டர் மாநாடு (அமெரிக்க உளவியல் பயிற்சி பற்றிய மாநாடு) வகுத்த பாதை, ஆராய்ச்சியாளரே சிகிச்சையாளராகவும் இருப்பது. சிகிச்சைக்கே முதலிடம் தரும் பட்டத்தை 1968-ல் இல்லினாய் பல்கலைக்கழகம் தொடங்கியது, 1973-ல் வெய்ல் மாநாடு அதை அங்கீகரித்தது. பட்டத்தில் குறை எதுவும் இல்லை. உரிமத் தேர்வும் ஒன்றுதான், நோயாளிக்கு வித்தியாசமும் தெரியாது. ரட்கர்ஸ், பெய்லர் போன்ற இடங்களின் சை.டி.க்குள் நுழைவது பிஎச்டி அளவுக்கே கடினம்.

குறைந்த ஜிபிஏக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பவை வேறு ரகம். வருடத்துக்கு ஐம்பது அறுபது பேரைக்கூட எடுக்கும் தனியார் கல்லூரிகள். பலவற்றில் கட்டணம் மட்டுமே வருடம் 35,000 முதல் 50,000 டாலர். சாப்பாடு, வாடகை தனி. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் எனும் மேற்படிப்புக்கான மத்திய அரசுக் கடனும் கிடையாது என்று 2025-ல் சட்டமே வந்துவிட்டது. பல ஊர்களில் சை.டி. நடத்திய ஆர்கோசி பல்கலைக்கழகம் 2019 மார்ச்சில் மூடப்பட்டபோது பாதிப் படிப்பில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பும் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு அங்கீகாரம் பெற்ற இன்டர்ன்ஷிப் கிடைத்தது, எத்தனை பேர் பாதியில் விலகினார்கள் என்பதைத் தன் இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

(சிகிச்சை தருவது மட்டும்தான் ஆசை என்றால் இரண்டு வருட எம்எஸ்டபிள்யூ எனும் சமூகப்பணி முதுகலை போதும், டாக்டர் பட்டமே வேண்டாம். இதை அக்காவிடம் சொன்னேன். "பேருக்கு முன்னாடி டாக்டர் வராதா?" என்றாள். சரி, விடுங்கள்.)

எங்கள் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். அவளுடைய மதிப்பெண் சரிந்தது முதல் பாதியில், அதுவும் வேறு பாடத்தில். கடைசி 60 கிரெடிட்டே அவளுக்காகப் பேசும். அதனால் ஆய்வக வேலைதான் சரி என்றேன். இதே 2.98 கடைசி இரண்டு வருடச் சரிவால் வந்திருந்தால், அல்லது சைக்காலஜி புள்ளியியலில் சி வாங்கியிருந்தால், மாஸ்டர்ஸுக்குத்தான் அனுப்பியிருப்பேன். மூன்றாவது வழியை ஜிபிஏக்குப் பயந்து எடுப்பதாக இருந்தால் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது அவள் மனச்சோர்வு பற்றிய ஓர் ஆய்வில் வேலை பார்க்கிறாள். டிசம்பர் 1-ஐ ஒட்டி விண்ணப்பக் கெடு. நோக்க அறிக்கையின் முதல் வரைவில் ஜிபிஏக்கு ஒரு பக்கம் முழுக்க மன்னிப்புக் கேட்டிருந்தாள். வெட்டி வெட்டி இப்போது இரண்டு வாக்கியம்: முதல் இரண்டு வருடம் ப்ரீ-மெட் படித்தேன், மதிப்பெண் குறைவு, துறை மாறிய பிறகு என் சராசரி 3.66. அடுத்த பத்தி நேராக ஆய்வுக்குப் போகிறது.