ஒன்பது சீசன்களாகக் கையில் பேஸ்பால் ஸ்கோர் புக்: என் அனுபவம்

மார்ச் கடைசியில் அமெரிக்க பேஸ்பால் சீசன் தொடங்குகிறது. ஆட்டத்தைப் பந்துக்குப் பந்து கையால் குறித்துவைக்கும் புது ஸ்கோர் புக் வாங்கிவிட்டேன். பழையதைக் கட்டி அலமாரியில் ஏற்றுவதற்கு முன், 2017 முதல் இந்த நோட்டுகளோடு பழகிய கதையை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சியாட்டில் மேரினர்ஸ் அணியின் ரசிகன். மைதானத்துக்குப் போனாலும் சரி, அடுப்படியில் ரேடியோ கேட்டாலும் சரி, மடியில் நோட்டும் கையில் பென்சிலும் இருக்கும். சொல்லிக்கொடுத்தவர் மைதானத்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர். நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்து, ஐந்தாவது இன்னிங்ஸில் நோட்டையே என் மடியில் வைத்துவிட்டார்.

கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் டைமண்ட் வடிவம். டைமண்டின் மூலைகள்தான் ஓடித் தொட வேண்டிய பேஸ்கள். ஆள் எந்த பேஸ் வரை போனாரோ அதுவரை கோட்டை அழுத்தி வரைய வேண்டும். கிளம்பிய இடமான ஹோமுக்கே வந்து சேர்ந்து ரன் ஆகிவிட்டால் டைமண்டை முழுக்கக் கருப்பாக்கிவிடலாம். பீல்டர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பந்து வீசும் பிட்ச்சர் 1, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிக்கும் கேட்ச்சர் 2, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. '6-4-3' என்று எழுதியிருந்தால் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு (4) வீச, அங்கிருந்து அது முதல் பேஸுக்குப் (3) பறந்து இரண்டு பேர் அவுட். மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்து பேட்டர் வெளியேறும் ஸ்ட்ரைக் அவுட்டுக்கு 'கே' (K). மட்டையை வீசாமல் நின்று பார்த்தபடியே அவுட் ஆனால் 'கே'யைத் திருப்பிப் போட வேண்டும். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் பத்திரிகையாளராக இருந்த ஹென்றி சாட்விக் 19-ஆம் நூற்றாண்டில் பழக்கப்படுத்தியது இந்தக் 'கே' குறி. 'ஸ்ட்ரக்' என்ற சொல்லின் கடைசி ஆங்கில எழுத்துதான் அந்தக் 'கே'. முதல் எழுத்தான 'எஸ்' சாக்ரிபைஸுக்கு (தான் அவுட் ஆகி சக ஆட்டக்காரரை முன்னேற்றும் அடி) போய்விட்டது.

நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். சுருள் கம்பி போட்டது வாங்காதீர்கள். என் முதல் இரண்டும் அப்படித்தான். பையில் நசுங்கிக் கம்பி வளைந்தால் பக்கம் திரும்பாது, கிழியும். தைத்த நோட்டு பரவாயில்லை, தட்டையாக விரிந்துகொடுக்கும். தாள் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். சியாட்டில் மைதானத்தின் கூரை மூடினாலும் பக்கவாட்டில் திறப்புதான், ஏப்ரல் சாரலைக் காற்று உள்ளே தள்ளும். 2018-இல் பேனாவால் எழுதிய ஒரு ஆட்டம் முழுக்க ஊதா மேகமாகிவிட்டது. அன்றோடு பேனாவை விட்டேன். இப்போது 0.7 மெக்கானிக்கல் பென்சில், சட்டைப்பையில் தனி ரப்பர்.

பெரிய குறை, நான் வாங்கிய எல்லா நோட்டிலும் பக்கத்துக்குப் பத்து இன்னிங்ஸ் கட்டம்தான். வழக்கமான ஆட்டங்களுக்கு இது போதும். ஒன்பதில் முடியாவிட்டால் பத்தாவதிலிருந்து இரண்டாம் பேஸில் ஒரு ஆளை நிறுத்தித்தான் தொடங்குவார்கள் என்பதால், ஆட்டம் சட்டென்று முடிந்துவிடும். 2020-இல் வந்த விதி இது. (அடிக்காமலே அங்கே நிற்கும் அந்த ஆளுக்கு நான் புள்ளிக்கோடு போடுகிறேன்.) ஆனால் சீசன் முடிந்து அக்டோபரில் நடக்கும் பிளேஆஃப் எனும் நாக்-அவுட் தொடர்களில் அந்த விதி கிடையாது.

2025 அக்டோபர் 10. பிளேஆஃபில் டெட்ராய்ட் டைகர்ஸுடனான தொடரின் ஐந்தாவது, கடைசி ஆட்டம். அந்தப் பக்கத்தை இப்போது திறந்து வைத்திருக்கிறேன். டெட்ராய்ட்டின் பிட்ச்சர் டாரிக் ஸ்கூபல் தொடர்ந்து ஏழு பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஏழு 'கே'யும் வேலிக்குச்சி நட்டது போல அடுத்தடுத்து நிற்கின்றன. எழுதும்போது கை கனத்தது. ஆறு இன்னிங்ஸில் அவருக்கு 13 ஸ்ட்ரைக் அவுட். ஏழாவதில் அவர் போனபிறகு எங்கள் லியோ ரிவாஸ் வந்து சமன் செய்தார். அன்றைக்கு ரிவாஸுக்குப் பிறந்தநாள். பத்து முடிந்தது, கட்டம் தீர்ந்தது. அடுத்த பக்கத்தில் 1, 2 என்று அச்சடித்திருந்ததை அடித்து 11, 12 என்று எழுதினேன். 15-ஆவதில் எங்கள் ஹோர்ஹே போலாங்கோ அடித்த சிங்கிளில் (முதல் பேஸ் வரை போகும் அடி) ஜே.பி. கிராஃபர்ட் ஹோமுக்கு ஓடி வந்தார். 3-2, வெற்றி. கிராஃபர்டின் டைமண்டைக் கருப்பாக்கும்போது பென்சில் முனை ஒடிந்து தாளில் சின்ன ஓட்டை விழுந்துவிட்டது. அதை ஒட்டவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து, டொராண்டோவில் அடுத்த சுற்றின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஜெயித்தால் இறுதிப் போட்டியான உலகத் தொடர். 3-1 என்று நாங்கள் முன்னிலை. ஏழாவது இன்னிங்ஸில் டொராண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் வேலிக்கு வெளியே அடித்த மூன்று ரன் ஹோம் ரன், 4-3 என்று அவர்கள் முன்னிலை. மூன்று டைமண்டைக் கருப்பாக்கினேன். கடைசிக் கட்டத்தில் எங்கள் ஹூலியோ ரொட்ரீகஸ், 'கே'. தோல்வி. உலகத் தொடரை ஒருமுறைகூட எட்டாத ஒரே அணி எங்களுடையது. 1977-இல் தொடங்கிய அணி. அந்தப் பக்கத்தைக் குளிர்காலம் முழுக்கத் திறக்கவில்லை, போன வாரம்தான் திறந்தேன்.

எங்கள் கேட்ச்சர் கேல் ராலியின் 2025 வரிசையை மட்டும் தனியாகப் புரட்டிப் பார்ப்பதுண்டு. ஒரே சீசனில் 60 ஹோம் ரன் அடித்த கேட்ச்சர் வேறு யாரும் இல்லை. அதற்கு முன் கேட்ச்சர்களில் அதிகம் சால்வடார் பெரெஸின் 48. திரையில் பார்த்தால் 60 ஒரு எண். நோட்டில் நான் குறித்த ஆட்டங்களில் மட்டும் 22 கருப்பு டைமண்ட், ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் அன்றைய வானிலை.

போலாங்கோ இப்போது நியூயார்க் மெட்ஸில். புது நோட்டில் அவர் பெயர் எதிரணிப் பக்கத்தில்தான் வரும். இன்னொரு பேட்டர் ஜோஷ் நெய்லர் எங்களிடமே தங்கிவிட்டார், அந்த நிம்மதி இருக்கிறது.

இந்த சீசனில் நோட்டுக்குப் புதிதாக ஒரு வேலை வருகிறது. வீசிய பந்து அடிக்கத் தக்க எல்லைக்குள் வந்ததா (ஸ்ட்ரைக்), விலகியதா (பால்) என்ற நடுவரின் தீர்ப்பை எதிர்த்து இயந்திரத்திடம் முறையிடலாம். அணிக்கு இரண்டு வாய்ப்பு. ஜெயித்தால் வாய்ப்பு குறையாது. பேட்டர், பிட்ச்சர், கேட்ச்சர் மூவரில் ஒருவர் உடனே தலையைத் தட்டிக் கேட்க வேண்டும், வெளியிலிருந்து யாரும் சைகை காட்டக் கூடாது. எனக்கு இதில் மகிழ்ச்சியும் உண்டு, வருத்தமும் உண்டு. ஓரத்தில் விழும் பந்தை ராலி கையுறைக்குள் நைசாக இழுத்து ஸ்ட்ரைக் வாங்குவதைப் பல வருடம் ரசித்திருக்கிறேன். இனி அதே பந்துக்கு பேட்டர் ஹெல்மெட்டைத் தட்டுவார். அதே சமயம், எந்தப் பந்துக்குக் கேட்கலாம் என்று நொடியில் முடிவெடுப்பதிலும் ராலி போன்ற கேட்ச்சர் கெட்டிக்காரராக இருப்பார் என்று நம்புகிறேன்.

இதற்கு நோட்டில் குறி எதுவும் அச்சாகவில்லை. கட்டத்தின் மேல்மூலையில் சின்ன முக்கோணம் போடலாம் என்றிருக்கிறேன். ஜெயித்தால் நிரப்புவது, தோற்றால் வெறுமனே விடுவது. சீசனுக்கு முன் அரிசோனாவில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களை ரேடியோவில் கேட்டபடி பழைய நோட்டின் கடைசி நான்கு பக்கங்களில் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். புது நோட்டில் பக்கத்துக்குப் பன்னிரண்டு கட்டம்.