உணரியா, சுற்றுப்பாதையா?

யாழ்ப்பாணம் முற்றவெளியில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தாலும் சூரியனின் எக்ஸ் கதிர்கள் அதில் விழாது. வளிமண்டலம் விழுங்கிவிடும். அதனால்தான் செய்மதி. இந்தக் கதிர்களை அளக்கும் சின்னச் செய்மதியில் முதலில் எதைத் திருத்துவது: கதிர்களைப் பதியும் உணரியையா, அது சுற்றும் பாதையையா?

சுற்றுப்பாதை விசயம் எளிது. 2016 இல் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட மின்எக்ஸ்எஸ்எஸ்-1 என்ற சின்னச் செய்மதி, ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் காற்று இழுத்ததால் ஒரு வருடத்தில் எரிந்து விழுந்தது. 500 கி.மீ.க்கு மேலே போனால் ஆயுள் கூடும்.

உணரிதான் சுவையான பக்கம். சிலிக்கன் உணரி ஒவ்வொரு ஃபோட்டானாக (ஒளித்துகளாக) எண்ணி, அதன் சக்தியையும் அளக்கும். பெரிய சூரியச் சுடர் வெடித்தால் தடுமாறும். நல்லூர்த் தேரன்று வாசலில் நின்று ஆட்களை எண்ணிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு வரும் இருவர் ஒருவராகிவிடுவர். இங்கும் அப்படித்தான்: இரண்டு ஃபோட்டான்கள் கூடுதல் சக்தியுள்ள ஒன்றாகப் பதியும். வேகமான மின்னணுச் சுற்று இதைக் குறைக்கும். சக்தியை அளக்கும் நுணுக்கமும் கூடினால், சூரியனிலுள்ள மக்னீசியம், சிலிக்கன், இரும்பு தனித்தனியே தெரியும். 2022 இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இன்ஸ்பயர்சாட்-1 செய்மதியில் இருந்த டாக்ஸ் என்ற எக்ஸ் கதிர்க் கருவி, இப்படித் திருத்திய உணரியோடுதான் போனது.

எங்கள் மாணவர்கள் கேட்டால் உணரியையே சொல்வேன். சரி, உயரம்? வேறொருவரின் ரொக்கெட்டில் இடம் கேட்டுப் போகிறவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைத்ததுதான்.