74163 கவுன்டர்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

கிளாக் துடிப்புகளை 0 முதல் 15 வரை எண்ணும், எல்லா பிட்களும் ஒரே கிளாக்கில் சேர்ந்து மாறும் நான்கு பிட் சின்க்ரோனஸ் கவுன்டர் சில்லான 74163-ஐ ஆய்வக வகுப்புகளிலும், சொந்தமாகச் செய்யும் கடிகாரச் சுற்றுகளிலும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கடையில் அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் எடுத்து நீட்டப்படுவது 74161. இரண்டுக்கும் 16 கால்கள், கால்களின் வரிசையும் ஒன்றே. ஆனால் 161-இல் க்ளியர் காலுக்குத் தாழ்நிலை கிடைத்தவுடன் வெளியீடுகள் பூச்சியமாகிவிடும். 163 அடுத்த கிளாக் விளிம்பு, அதாவது கிளாக் தாழ்நிலையிலிருந்து உயரும் கணம், வரும்வரை பொறுத்திருக்கும். இந்த ஒரு குணத்துக்காகவே நான் 163-ஐக் கேட்டு வாங்குகிறேன்.

0 முதல் 9 வரை எண்ண வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளியீடுகள் க்யூஏ (மதிப்பு 1) முதல் க்யூடி (மதிப்பு 8) வரை நான்கு. 163-இல் க்யூஏ, க்யூடி இரண்டையும், உள்ளீடுகள் இரண்டும் உயர்ந்தால் மட்டும் தாழ்நிலை தரும் ஒரு நேண்ட் கேட் வழியாக க்ளியருக்குக் கொடுத்தால், 9 ஒரு முழுக் கிளாக் நேரம் நின்று, அடுத்த விளிம்பில் 0 வருகிறது. 161-இல் அதே வேலைக்கு 10-ஐ (க்யூபி, க்யூடி இரண்டும் உயர்நிலை) கண்டறிய வேண்டியிருப்பதால், அந்த வேண்டாத நிலை சில நானோ நொடிகள் தலைகாட்டிவிட்டுத்தான் மறைகிறது. அதற்குள் க்யூபி முந்திக்கொண்டு விழுந்துவிட்டால் க்ளியர் துடிப்பும் அப்போதே அறுபட்டு, க்யூடி விழாமல் நின்று 8 வந்துவிடவும் வாய்ப்புண்டு. எல்ஈடியில் அந்தத் துடிப்பு கண்ணுக்குத் தெரியாது, ஆசிலோஸ்கோப்பில் ஊசிபோல் தெரியும்.

எட்டு பிட் தேவைப்படும்போது முதல் சில்லு 15-ஐ எட்டியதைச் சொல்லும் ஆர்சிஓ காலை, இரண்டாவது எண்ண அனுமதி தரும் அதன் ஈஎன்டி காலுடன் இணைத்து, கிளாக்கை இரண்டுக்கும் பொதுவாகக் கொடுப்பதே முறை. ஆர்சிஓவையே அடுத்த சில்லுக்குக் கிளாக்காகக் கொடுப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். வெளியீடுகள் மாறும் கணத்தில் அதில் பொய்த்துடிப்புகள் எழக்கூடும் என்பதோடு, சின்க்ரோனஸ் என்ற பயனே அங்கே போய்விடுகிறது.

இந்தச் சில்லின் எச்.சி. (HC) எனும் சீமாஸ் வகையில் பயன்படுத்தாத உள்ளீடுகளை மிதக்க விட்டால் எண்ணிக்கை தாறுமாறாக ஓடும். மின்சாரக் கால்களுக்கு அருகே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் அவசியம். மற்றபடி குறை சொல்ல எதுவுமில்லை.

கையில் 161 மட்டுமே இருக்கிறது என்றாலும் வழியிருக்கிறது. தரவு உள்ளீடுகளில் உள்ள எண்ணைக் கவுன்டருக்குள் ஏற்றும் லோடு கால் இரண்டு சில்லுகளிலும் கிளாக்குக்குக் கட்டுப்பட்டே இயங்குவதால், நான்கு தரவு உள்ளீடுகளையும் கிரவுண்டில் இணைத்து, க்ளியரை உயர்நிலையில் கட்டிவிட்டு, நேண்ட் கேட்டின் வெளியீட்டை லோடு காலுக்குக் கொடுத்தால், 161-உம் 9-இலிருந்து 0-க்குச் சுத்தமாகத் திரும்புகிறது.